சர்வரைப் பிரிக்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம்

கெலாங் பாத்தா பக்கம் இப்போது யாரிடம் பேசினாலும் பேச்சு தரவு மையத்தில் வந்து நிற்கிறது. சிங்கப்பூர் 2019-இல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்தது. 2022-இல்தான் நிபந்தனைகளோடு மீண்டும் கதவைத் திறந்தது. அந்த இடைவெளியில் முதலீட்டாளர்களின் பார்வை ஜோகூர் பக்கம் திரும்பியது. இரண்டாவது பாலத்துக்கு அருகில் உள்ள நுசாஜெயா டெக் பார்க்கில் ஜிடிஎஸ், ஈக்வினிக்ஸ் போன்ற நிறுவனங்கள் வந்து அமர்ந்துவிட்டன. நம் இளைஞர்கள் பலரும் அங்கே மின்சாரம், குளிரூட்டல், கேபிள் வேலைகளில் இருக்கிறார்கள்.

அந்தக் கட்டடங்களுக்குள் நடப்பதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். இங்கே சொல்ல வருவது அதைவிடச் சின்ன விஷயம். தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் 1999 இறுதியில் இயங்கத் தொடங்கியதிலிருந்து அதை நம்பி எத்தனையோ லோரி நிறுவனங்கள், சரக்கு அனுப்பும் முகவர்கள், கொள்கலன் கிடங்குகள் இந்த வட்டாரத்தில் தொழில் செய்கின்றன. அவர்களின் அலுவலகத்தில், கிராணியின் மேசைக்கு அடியிலோ ஸ்டோர் அறையின் மூலையிலோ ஒரு சர்வர் இருக்கும். சில இடங்களில் இரண்டு, மூன்று இருக்கும். கணக்குக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று, வாசலில் எடை போட ஒன்று. எல்லாவற்றுக்கும் வயதாகிவிட்டது. "இதையெல்லாம் ஒரே சர்வரில் போட்டுவிடலாம் பாஸ், கரண்டும் மிச்சம், இடமும் மிச்சம்" என்று யாராவது ஒரு தம்பி சொல்வார். சரிதான். அப்படிச் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பெரும்பாலோர் செய்வதில்லை. அந்த வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்தப் பிரித்தல் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு சர்வரின் மேல் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளை ஏற்றுகிறோம். அது அந்த இயந்திரத்தின் செயலி, நினைவகம், வட்டு, நெட்வொர்க் ஆகியவற்றைப் பங்கு போட்டு, உள்ளே பல மெய்நிகர் கணினிகளை உருவாக்குகிறது. ஒவ்வொன்றும் தன்னை ஒரு தனி இயந்திரம் என்றே நினைத்துக்கொள்ளும். ஒன்று நின்றுபோனாலும் மற்றவை ஓடும். இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஐபிஎம் நிறுவனம் 1960-களிலேயே தன் பெரிய கணினிகளில் இதைச் செய்து பார்த்து, 1972-இல் விஎம்/370 என்ற பெயரில் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. நாம் கடையில் வாங்கும் சாதாரண சர்வர்களுக்கு இந்த வசதி பின்னால்தான் வந்தது. 1998-இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் முதலில் இதை மென்பொருளாலேயே சாதித்தது. 2005, 2006-இல் இன்டெலும் ஏஎம்டியும் செயலிக்குள்ளேயே இதற்கான வசதியை வைத்தார்கள். இன்று விஎம்வேர், மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வி, பிராக்ஸ்மாக்ஸ் என்று பல வழிகள் இருக்கின்றன.

துண்டாடல் என்ற சொல் நம் பெரியவர்களுக்குக் கசப்பானது. 1950-களில் தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்றபோது தொழிலாளர்கள் வீடும் வேலையும் இழந்தார்கள். துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அதற்குப் பதிலாகத்தான். ஆனாலும் நிலத்தைப் பிரிக்கிறவர்களிடமிருந்து கணினிக்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. நிலத்தில் முதலில் அளவையாளர் வருவார். எல்லைக்கல் எங்கே, மொத்தம் எத்தனை ஏக்கர், ஓடை எந்தப் பக்கம் போகிறது என்று வரைபடம் போட்ட பிறகுதான் யாருக்கு எந்தத் துண்டு என்ற பேச்சே வரும். சர்வரில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். துண்டு போட்ட பிறகு எல்லைக்கல்லைத் தேடுகிறோம்.

பிறகு தேடினால் கிடைக்காதா என்று கேட்கலாம். இயந்திரத்தைத் திறந்தால் எல்லாம் தெரியப் போகிறதே என்றும் தோன்றும். இங்கேதான் சிக்கல். மெய்நிகர் கணினிக்குள் உட்கார்ந்து "உன் நெட்வொர்க் கார்டு எது?" என்று கேட்டால், ஹைப்பர்வைசர் அதற்குக் காட்டும் பொய்க் கார்டின் பெயரைத்தான் சொல்லும். வட்டு எது என்றால் "மெய்நிகர் வட்டு" என்று சொல்லும். நினைவகம் எத்தனை துண்டு, எந்தப் பொருத்தியில் என்றால் அதற்கும் ஒரு கற்பனைப் பதில் வரும். செயலியின் பெயரை மட்டும் பெரும்பாலும் உண்மையாகச் சொல்லும். அதுவும் எத்தனை கோர் என்பதில் நாம் ஒதுக்கியதைச் சொல்லுமே தவிர, மொத்தத்தைச் சொல்லாது. ஹைப்பர்வைசரிடம் கேட்டால் புது இயந்திரத்தின் உண்மை தெரியும். ஆனால் பழைய இயந்திரம் எப்படி அமைக்கப்பட்டிருந்தது என்பதை அதுவும் அறியாது. பழைய வட்டின் மேல் ஹைப்பர்வைசரை நிறுவிய அந்த நிமிடத்தில், அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியும் அழிந்துவிடுகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்தில் ஒரு கொள்கலன் கிடங்கில் இந்த வேலையைச் செய்தோம். ஒரு சர்வர், இரண்டு பழைய கணினிகள். மூன்றையும் ஒரு புதிய சர்வருக்குள் கொண்டுவர வேண்டும். சனிக்கிழமை மதியம் தொடங்கி ஞாயிறு இரவு முடித்துவிட்டோம். கணக்கு மென்பொருள் திறந்தது, கோப்புகள் வந்தன, எல்லாருக்கும் மகிழ்ச்சி. பழைய கணினிகளின் வட்டுகளை உடனே அழித்து, காப்புப் பிரதி எடுக்கப் பயன்படுத்திக்கொண்டோம். அதுதான் செய்யக்கூடாத வேலை.

திங்கள் காலை ஏழு மணிக்கு முதல் லோரி எடைமேடையில் ஏறியது. திரையில் எடை வரவில்லை. எண்ணுக்குப் பதில் கேள்விக்குறியும் கிறுக்கலுமாக வந்தது. எடைமேடையின் எடைக்காட்டி ஒரு பழைய சீரியல் கேபிள் வழியாகக் கணினியோடு பேசுகிறது. எந்த வேகத்தில் பேசுகிறது, ஓர் எழுத்துக்கு எத்தனை பிட், சரிபார்ப்பு பிட் உண்டா இல்லையா என்பதெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் எண் எண்ணாக வரும். நாங்கள் வழக்கமான 9600, எட்டு பிட், சரிபார்ப்பு இல்லை என்று போட்டிருந்தோம். பழைய கணினியில் என்ன இருந்தது என்பது அழித்த வட்டோடு போய்விட்டது. எடைக்காட்டியின் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால் அதற்கு முத்திரை வைத்திருக்கிறார்கள். உடைக்கும் உரிமை நமக்கில்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது துறைமுகத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2016 ஜூலை 1 முதல் அனைத்துலகக் கடல் பாதுகாப்பு விதிப்படி, சரிபார்க்கப்பட்ட மொத்த எடை இல்லாமல் சரக்கு ஏற்றிய எந்தக் கொள்கலனையும் கப்பலில் ஏற்றக்கூடாது. எடைச் சீட்டு இல்லையென்றால் பெட்டி கரையிலேயே நிற்கும், கப்பல் போய்விடும். கிராணி கையால் எழுதத் தொடங்கினார். லோரிகள் சாலை வரை வரிசை பிடித்தன. ஓட்டுநர்கள் இறங்கி வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள். நான் ஒவ்வொரு வேகமாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேகம் ஐந்தாறு, பிட் இரண்டு, சரிபார்ப்பு மூன்று வகை, எல்லாவற்றையும் பெருக்கிப் பாருங்கள்.

பத்தரை மணிக்கு விடை கிடைத்தது. நான் கண்டுபிடிக்கவில்லை. எடைமேடையின் பக்கத்தில் இருந்த கேபிள் பெட்டியின் மூடியைக் கழற்றியபோது, உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் யாரோ எழுதி வைத்திருந்தார்கள்: 4800, 7, இரட்டைப்படை. எழுதியவர் யார், எந்த ஆண்டு எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் புண்ணியவான் எழுதிய ஒரு வரிதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது.

என்னென்ன எழுத வேண்டும்

நினைவகத்திலிருந்து தொடங்குகிறேன். பகிர்ந்துகொடுக்கும்போது முதலில் தீர்ந்துபோவது அதுதான். "32 ஜிபி இருக்கிறது" என்று எழுதினால் போதாது. எட்டுப் பொருத்திகள் உள்ள ஒரு சர்வரில், எட்டு ஜிபி துண்டுகள் நான்கு இருந்தாலும் 32. நான்கு ஜிபி துண்டுகள் எட்டு இருந்தாலும் 32. முதலாவதில் நான்கு பொருத்திகள் காலி, நாளைக்கு இன்னும் நான்கு துண்டு வாங்கிப் போட்டு 64 ஆக்கலாம். இரண்டாவதில் இடமே இல்லை, கூட்ட வேண்டுமானால் இருப்பதைக் கழற்றி எறிய வேண்டும். ஏட்டில் ஒரே எண், செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே எந்தப் பொருத்தியில் எது, அளவு, வேகம், வகை என்று எழுதுங்கள். சர்வர் நினைவகத்தில் பதிவுசெய்த வகை, சாதாரண வகை என்று உண்டு. இரண்டையும் கலந்து போட முடியாது. வாங்கி வந்த பிறகு இதைத் தெரிந்துகொள்பவர்கள் நிறைய.

செயலியில் எழுத வேண்டியது: மாதிரி எண், எத்தனை செயலி, ஒவ்வொன்றிலும் எத்தனை கோர், மெய்நிகராக்க வசதி பயாஸில் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா. மூடியே வரும் இயந்திரங்கள் உண்டு. மூடியிருந்தால் ஹைப்பர்-வி தொடங்காது. அதோடு, விண்டோஸ் சர்வர் 2016-லிருந்து ஹைப்பர்-விக்கு நினைவக முகவரிகளைச் செயலியே மொழிபெயர்த்துக் கொடுக்கும் கூடுதல் வசதியும் கட்டாயம். மிகப் பழைய செயலிகளில் அது இருக்காது. விஎம்வேரின் 2020 பதிப்பு பழைய சாதனங்களுக்கான இயக்கிகளை மொத்தமாகக் கைவிட்டது. நேற்று வரை ஓடிய நெட்வொர்க் கார்டு, ரெய்டு கார்டு அந்தப் பதிப்பில் கண்ணுக்கே தெரியாமல் போனது இதனால்தான். மாதிரி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஆதரவுப் பட்டியலைப் பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை. பார்க்காமல் நிறுவத் தொடங்கியவர்களுக்கு ஒரு வார இறுதியே போய்விட்டது.

கோர் எண்ணிக்கைக்கு இன்னொரு முகம் உண்டு, அது ரிங்கிட். விண்டோஸ் சர்வர் உரிமத்தை இப்போது கோர் கணக்கில்தான் விற்கிறார்கள். ஒரு சர்வருக்குக் குறைந்தது பதினாறு கோருக்கு வாங்கியே ஆக வேண்டும். ஸ்டாண்டர்ட் வகையில் இயந்திரத்தின் எல்லாக் கோர்களுக்கும் ஒரு முறை வாங்கினால் இரண்டு மெய்நிகர் சர்வர்கள் ஓட்டலாம், மூன்றாவது வேண்டுமானால் மறுபடி முழுக் கோருக்கும் வாங்க வேண்டும். விஎம்வேரை பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் வாங்கிய பிறகு அங்கேயும் ஒரு முறை வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமம் நின்று, சந்தா முறை வந்துவிட்டது. அங்கும் ஒரு செயலிக்குக் குறைந்தது பதினாறு கோர் கணக்கு. உங்கள் செயலியில் எட்டுக் கோர்தான் இருந்தாலும் பதினாறுக்கே பணம். இதைக் கண்டு பல சிறு நிறுவனங்கள் பிராக்ஸ்மாக்ஸ் பக்கமோ ஹைப்பர்-வி பக்கமோ போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு ஹைப்பர்வைசரை விட்டு இன்னொன்றுக்குப் போவதும் மறுபடி பிரிப்பதுதான். ஏடு இருப்பவர்களுக்கு அது சுலபம்.

வட்டுகளுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். மற்றவை தவறினால் வேலைதான் நிற்கும், இங்கே தவறினால் தரவே போய்விடும். ரெய்டு கார்டின் மாதிரி, அதன் உள்மென்பொருள் பதிப்பு, ரெய்டு எந்த வகை, பட்டை அளவு எவ்வளவு, எந்த வட்டு எந்தத் தட்டில் இருக்கிறது, ஒவ்வொரு வட்டின் தொடர் எண், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, கார்டின் பேட்டரி உயிரோடு இருக்கிறதா. கார்டு செத்துவிட்டால், அதே குடும்பத்துக் கார்டு கிடைத்தால் வட்டுகளில் எழுதியிருக்கும் குறிப்பைப் படித்து அதுவே அடுக்கிக்கொள்ளும். வேறு நிறுவனக் கார்டு என்றால் படிக்காது. அப்போது தரவு மீட்பவரிடம் கொண்டுபோனால் அவர் முதலில் கேட்பது, வட்டுகள் எந்த வரிசையில் இருந்தன, பட்டை அளவு என்ன என்பதுதான். சுத்தம் செய்வதற்காக நான்கு வட்டுகளையும் ஒரே நேரத்தில் உருவி மேசையில் வைத்துவிட்டு, எது எங்கே இருந்தது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒரு துண்டு டேப், ஒரு பேனா போதும்.

அளவை எழுதும்போது எந்தக் கணக்கில் எழுதுகிறோம் என்பதையும் குறியுங்கள். இரண்டு டெராபைட் வட்டுகள் நான்கை ரெய்டு 5-இல் போட்டால் ஒரு வட்டின் அளவு பாதுகாப்புக்குப் போய், ஆறு டெராபைட் மிஞ்சும். விண்டோஸ் அதை ஏறக்குறைய 5.45 என்று காட்டும். வட்டுக்காரர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. அரை டெராபைட் காணாமல் போனதாக முதலாளி நினைப்பார். இல்லாத இடத்தை நம்பி இரண்டு டெராபைட் வீதம் மூன்று மெய்நிகர் கணினிகளுக்கு ஒதுக்கிவிட்டால், பிறகு ஒரு நாள் இடம் முழுக்க நிரம்பி மூன்றும் சேர்ந்தே நிற்கும்.

பழைய கணினி எந்த முறையில் பூட் ஆகிறது என்பதையும் எழுதுங்கள். பழைய பயாஸ் முறையா, யூஇஎஃப்ஐ முறையா? ஹைப்பர்-வியில் மெய்நிகர் கணினியை உருவாக்கும்போது முதல் தலைமுறையா இரண்டாம் தலைமுறையா என்று கேட்கும். பயாஸ் முறையில் இருந்ததை இரண்டாம் தலைமுறையில் போட்டால் கறுப்புத் திரைதான். தலைமுறையைப் பின்னால் மாற்றவும் முடியாது, புதிதாக உருவாக்க வேண்டியதுதான்.

நெட்வொர்க்கில், ஒவ்வொரு துளையின் மேக் முகவரி, எந்தக் கேபிள் எந்த ஸ்விட்சின் எந்தத் துளைக்குப் போகிறது, நிலையான ஐபி முகவரி, கேட்வே, டிஎன்எஸ். சில மென்பொருள் உரிமங்கள் மேக் முகவரியோடு கட்டப்பட்டவை. மெய்நிகர் கணினிக்குப் புது முகவரி கிடைத்ததும் "இது என் இயந்திரம் இல்லை" என்று திறக்க மறுக்கும். பழைய முகவரி ஏட்டில் இருந்தால் அதையே மெய்நிகர் கார்டுக்குக் கொடுக்கலாம். அதற்கு விற்றவரின் விதிமுறை இடம் தருகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய கார்டு இல்லாமல் போனாலும் விண்டோஸ் அதன் நினைவை வைத்துக்கொண்டிருக்கும். அதே ஐபி முகவரியைப் புதுக் கார்டுக்குப் போட்டால் "வேறொரு கார்டு இதை வைத்திருக்கிறது" என்று எச்சரிக்கும். மறைந்திருக்கும் அந்தப் பழைய கார்டைச் சாதனப் பட்டியலில் தேடி நீக்கினால் சரியாகிவிடும்.

அடுத்து, யாரும் எழுதாதவை. சர்வரின் பின்பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு யூஎஸ்பி டாங்கிள் செருகியிருக்கும். பழைய கணக்கு மென்பொருளின் உரிமம் முழுவதும் அதற்குள்தான் இருக்கும். விஎம்வேரும் பிராக்ஸ்மாக்ஸும் அதை ஒரு மெய்நிகர் கணினிக்குக் கடத்திக் கொடுக்கும், ஹைப்பர்-வி நேரடியாகக் கொடுக்காது. ஆகவே அந்தச் சின்ன டாங்கிள் எந்த ஹைப்பர்வைசர் என்பதையே தீர்மானித்துவிடலாம். எடைமேடை, வாசல் தடுப்பு, சீட்டு அச்சிடும் இயந்திரம், விரல்ரேகைக் கருவி போன்ற கேபிள் வழி வரும் எல்லாவற்றையும் அதன் அமைப்போடு எழுதுங்கள். நான் இப்போது முதலில் எழுதுவது இதைத்தான். ஏன் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

மின்சாரம் பற்றி ஒரு வரி. மூன்று இயந்திரங்களை ஒன்றாக்கினால் ஆபத்தையும் ஒன்றாக்குகிறோம். மாலை நேர இடிமின்னல் நம்மூருக்குப் புதிதில்லை. மின்வழங்கி எத்தனை, எத்தனை வாட், யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்குகிறது, அதன் பேட்டரி எந்த ஆண்டு மாற்றியது என்று எழுதிவிடுங்கள்.

எப்படி எழுதுவது

முதலில் கைத்தொலைபேசியை எடுத்து, சர்வரின் முன்பக்கம், பின்பக்கம், மூடியைத் திறந்து உள்பக்கம் என்று படம் எடுங்கள். எந்தக் கேபிளையும் தொடுவதற்கு முன் எடுக்க வேண்டும். ஒட்டியிருக்கும் தொடர் எண் சீட்டையும் எடுங்கள். பிறகு இயந்திரத்தை ஓடவிட்டு அதனிடமே கேளுங்கள். விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற கருவி எல்லாவற்றையும் பட்டியலிட்டு ஒரு கோப்பாகச் சேமிக்கும். லினக்ஸில் டிஎம்ஐடிகோட், எல்எஸ்பிசிஐ, எல்எஸ்பிஎல்கே ஆகிய மூன்று கட்டளைகள் பெரும்பாலானதைச் சொல்லிவிடும். ரெய்டு அமைப்புக்கு அந்தக் கார்டின் சொந்தக் கருவிக்குள் போக வேண்டும், அல்லது இயந்திரம் தொடங்கும்போது வரும் அதன் திரைக்குள் போய்ப் படம் எடுக்க வேண்டும். கருவி சொல்வதும் கண்ணால் பார்ப்பதும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். "இரண்டு மின்வழங்கி" என்று கருவி சொல்லும், ஒன்றில் கேபிளே செருகியிருக்காது.

இதையெல்லாம் எக்ஸலில் அழகாக எழுதி, அதே சர்வரில் சேமித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது போன்றது அது. தாளில் ஒரு பிரதி, வேறு இடத்தில் ஒரு பிரதி. எழுதிய நாளும் எழுதியவர் பெயரும் இருக்கட்டும். கடவுச்சொற்களை மட்டும் அதில் எழுதாதீர்கள், அவை தனி.

இயந்திரத்தில் என்ன இருக்கிறது என்பது பாதிக் கணக்கு. என்ன செலவாகிறது என்பது மீதி. அதை ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் அளந்தால் ஏமாந்துபோவோம். நம் அலுவலகங்களில் மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு ஓடும். இபிஎஃப், சொக்சோ சந்தாவை மறு மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அந்த நாள்களில் சர்வர் திணறும். 2024 ஆகஸ்டு முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கி படிப்படியாக வந்த மின்-விலைப்பட்டியல் முறையால் கணக்குச் சர்வர் நாள் முழுக்க வருமான வரி வாரியத்தின் தளத்தோடு பேசிக்கொண்டிருக்க வேண்டிய நிலையும் வந்துவிட்டது. ஆகவே ஒரு முழு மாதம் அளந்து, அதில் உச்சத்தைக் குறியுங்கள்.

குறிப்பாக வட்டின் வேகம். நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் ஒரு வட்டு, அங்கும் இங்குமாக எழுதும் வேலையை நொடிக்கு நூறு முறைக்குமேல் செய்வது அரிது. முன்பு மூன்று இயந்திரத்தில் மூன்று வட்டு ஓடியது. இப்போது மூன்றும் ஒரே வட்டுத் தொகுப்புக்குப் போட்டி போடும். செயலி சும்மா இருக்கும், நினைவகம் மிச்சம் இருக்கும், ஆனால் "ஒன்றாக்கிய பிறகு எல்லாமே மெதுவாகிவிட்டது" என்று கிராணி புலம்புவார். அவர் சொல்வது உண்மைதான். இதற்குத் தீர்வு எஸ்எஸ்டி. அதை முன்பே கணக்குப் போட்டு வாங்கியிருக்க வேண்டும்.

பிறகுதான் பங்கு போடுவது. ஒரு தாளின் இடப்பக்கம் இருப்பது, வலப்பக்கம் கொடுப்பது. உதாரணமாக 32 ஜிபி நினைவகத்தில் ஹைப்பர்வைசருக்கு நான்கு, கணக்குச் சர்வருக்குப் பன்னிரண்டு, கோப்புகளுக்கு ஆறு, எடைமேடைக்கு நான்கு. கூட்டினால் 26. மீதி ஆறையும் "சும்மா கிடக்கிறதே" என்று அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மெய்நிகர் கணினியைப் புதுப்பிக்கும் முன் அதன் நகலைத் தனியாக ஓட்டிப் பார்க்க அந்த ஆறு ஜிபி வேண்டும்.

பழைய கணக்கு மென்பொருளை அப்படியே ஒரு மெய்நிகர் கணினிக்குள் போட்டு வைப்பதும் நம்மிடம் அதிகம். வருமான வரிச் சட்டப்படி கணக்கு ஆவணங்களை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆகவே அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விண்டோஸ் சர்வர் 2012-க்கான பாதுகாப்பு ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மெய்நிகராக்கினால் பழையது புதிதாகாது. இணையத்தைத் துண்டித்து, தேவைப்படும்போது மட்டும் திறக்கும்படி வைப்பதுதான் முறை.

நுசாஜெயாவின் பெரிய தரவு மையங்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் அன்றாடம். எந்த அடுக்கில், எந்த இடத்தில், எந்தத் தொடர் எண் கொண்ட இயந்திரம், எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று பதியாமல் அங்கே ஒரு திருகைக்கூடக் கழற்ற விடமாட்டார்கள். அப்பாவின் லோரி கம்பெனியிலோ மாமாவின் முகவர் அலுவலகத்திலோ ஒரு சனிக்கிழமை போய் உட்கார்ந்தால், அரை நாளில் ஓர் இயந்திரத்துக்கான ஏட்டை முடித்துவிடலாம்.

அந்தக் கிடங்கில் இப்போது அலுவலக அலமாரியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. முதல் பக்கத்தில் எடைமேடையின் மூன்று எண்கள். அதன்பிறகு அங்கே மாற்றிய எந்த இயந்திரத்தின் பழைய வட்டையும் உடனே அழிப்பதில்லை. கழற்றி, பெயரும் தேதியும் ஒட்டி, ஒரு மாதக் கடைசிக் கணக்கும் ஓர் ஆண்டுத் தணிக்கையும் முடியும் வரை உறைக்குள் வைக்கிறோம். எடைமேடைக் கேபிள் பெட்டியின் மூடியில் இருந்த மார்க்கர் எழுத்து மங்கிக்கொண்டு வந்ததால், போன முறை போனபோது அதன் மேலேயே மறுபடி எழுதிவிட்டு வந்தேன்.